பணம் கட்டினால் பெயரை நீக்குவார்களா? ஆங்கில வாக்கியத்தில் நுழையும் உபரிச் சொற்களும் முரண் சொற்களும்!

கற்பனையான ஒரு வீடுதான். ஆனால், எல்லார் வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி.

இரவு எட்டு மணி. பேரனின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வருகிறது. தாலுகா அலுவலகத்தில் 30 வருடம் ஆங்கிலக் கடிதங்களை எழுதித் தேய்ந்த தாத்தா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்கிறார்.

'அன்லெஸ் யூ டூ நாட் பே தி ஃபீஸ் பிஃபோர் தி டென்த், யுவர் சைல்ட்ஸ் நேம் வில் பி ரிமூவ்டு.'

"ஏம்மா, நாம ஃபீஸ் கட்டிட்டோமா?"

"போன வாரமே கட்டியாச்சு மாமா."

"அப்ப போச்சு. கட்டினவங்க பேரைத்தான் எடுக்கப்போறதா எழுதியிருக்காங்க!"

மருமகள் சிரிக்கிறார். ஆனால், தாத்தா சொன்னது வேடிக்கை மட்டுமல்ல, இலக்கணப்படி சரியும்கூட. 'அன்லெஸ்' என்றாலே 'இஃப் நாட்', அதாவது 'இல்லாவிட்டால்' என்று பொருள். சொல்லுக்குள்ளேயே ஒரு 'நாட்' உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு 'நாட்' போட்டால், 'கட்டாமல் இல்லாவிட்டால்' என்றாகி, 'கட்டினால்' என்று முடிந்துவிடும். 'அன்லெஸ் யூ பே தி ஃபீஸ்' என்று எழுதியிருந்தால் போதும்.

பள்ளி அறிவிப்பில் இப்படி வந்தால் பெற்றோர் ஊகித்துப் புரிந்துகொள்வார்கள். மருந்துச் சீட்டிலோ, வாடகை ஒப்பந்தத்திலோ, வேலைக்கான விண்ணப்பத்திலோ ஊகத்துக்கு விட முடியாது.

நன்னூல் சொன்ன குற்றங்கள்

ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைப் பட்டியலிடுகிறது, பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல். அவற்றில் மூன்று இந்த வாரத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல். தேவைக்கு மேல் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது. தமிழுக்குச் சொன்ன இந்த மூன்றையும் ஆங்கில வாக்கியத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

'ரீ' இருக்கும்போது 'பேக்' எதற்கு?

'ரிட்டர்ன் பேக்', 'ரிப்ளை பேக்', 'ரிவர்ட் பேக்', 'ரீஃபண்ட் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்'. அலுவலக மின்னஞ்சல்களில் தினமும் பார்க்கும் ஜோடிகள் இவை.

சொல்லின் முன்னால் ஒட்டும் 'ரீ' லத்தீனிலிருந்து வந்தது. 'திரும்ப', 'மீண்டும்' என்பதே அதன் பொருள். 'ரிட்டர்ன்' என்பதில் திரும்புதல் ஏற்கெனவே இருக்கிறது. 'பிளீஸ் ரிட்டர்ன் தி புக்' என்றால் புத்தகம் திரும்பி வந்துவிடும். கூடவே 'பேக்' வர வேண்டியதில்லை.

இந்தப் பிழை நமக்கு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது? தமிழில் 'திருப்பிக் கொடு', 'திரும்ப வா', 'மறுபடி சொல்' என்று இரண்டு சொற்களில் சொல்லியே பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லி முடித்ததும், ஏதோ பாக்கி இருப்பதுபோல மனசுக்குத் தோன்றுகிறது. அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் 'பேக்' வந்து சேர்கிறது.

எளிய வழி ஒன்று இருக்கிறது. 'ரீ' இல்லாத சொல்லுக்கு 'பேக்' தாராளமாகப் போடலாம். 'கிவ் பேக்', 'கால் பேக்', 'பே பேக்' எல்லாம் சரி. 'ரீ' உள்ள சொல்லுக்கு வேண்டாம். 'பே பேக்' சரி, 'ரீபே' சரி, 'ரீபே பேக்' உபரி. ஆனால், 'ரீட்', 'ரீச்' போன்ற சொற்களில் இருப்பது இந்த ஒட்டு அல்ல. அது வெறும் ஒலி ஒற்றுமை.

ஏ.டி.எம் மெஷினில் பின் நம்பர்

ஏ.டி.எம் என்பதில் உள்ள 'எம்' மெஷினைக் குறிக்கிறது. பின் என்பதில் உள்ள 'என்' நம்பரைக் குறிக்கிறது. ஆக, 'ஏ.டி.எம் மெஷினில் பின் நம்பரைப் போட்டேன்' என்பவர் இயந்திரத்தையும் எண்ணையும் இரண்டிரண்டு முறை சொல்லிவிடுகிறார்.

பட்டியல் நீளும். பான் நம்பர் என்பதில் பானின் 'என்' நம்பர்தான். ஓ.டி.பி பாஸ்வேர்டு என்பதில் 'பி' பாஸ்வேர்டுதான். ஐ.எஃப்.எஸ்.சி கோடு என்பதில் கடைசி 'சி' கோடுதான். ஈ.எம்.ஐ இன்ஸ்டால்மென்ட், எச்.ஐ.வி வைரஸ், ஏன், 'நீட் தேர்வு' என்பதில்கூட கடைசி 'டி' டெஸ்ட்தான்! ஆங்கிலத்தில் இந்தப் பழக்கத்துக்கு 'ராஸ் சின்ட்ரோம்' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. 'ரிடண்டன்ட் அக்ரனிம் சின்ட்ரோம்' என்பதன் சுருக்கம்தான் ராஸ். அதாவது, அந்தப் பெயரே சின்ட்ரோமை இரண்டு முறை சொல்கிறது.

வெள்ளைக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. நம் சாயை வாங்கிக்கொண்டு 'சாய் டீ' என்கிறார்கள். டீயும் டீயும்! 'சஹாரா' என்றாலே அரபியில் பாலைவனங்கள்தான். 'சஹாரா டெசர்ட்' என்று அதன் பின்னால் இன்னொரு பாலைவனத்தைச் சேர்த்தார்கள். நம் ஊரில் 'நடு சென்டர்ல நின்னான்' என்பதும் இதே வகைதான்.

பேச்சில் இதற்கெல்லாம் யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. 'பின்' என்று மட்டும் சொன்னால் குண்டூசி என்று நினைக்க வாய்ப்பிருக்கும் இடத்தில், 'நம்பர்' சேர்ப்பது உதவியும் செய்யும். ஆனால், தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் சுருக்கெழுத்தின் கடைசி எழுத்தை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

'பற்றி' செய்யும் வேலை

'வி டிஸ்கஸ்டு அபவுட் தி ப்ராப்ளம்.' தமிழ்நாட்டில் அதிகம் கேட்கும் ஆங்கில வாக்கியங்களில் இதுவும் ஒன்று.

'டிஸ்கஸ்' என்றாலே ஒன்றைப் பற்றிப் பேசுவது. 'பற்றி' உள்ளேயே இருக்கிறது. நாம் 'பிரச்னையைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் நினைத்து, அந்தப் 'பற்றி'யைக் கையோடு ஆங்கிலத்துக்கு எடுத்துப் போய்விடுகிறோம். 'வி டிஸ்கஸ்டு தி ப்ராப்ளம்' என்பதே சரி.

இதே குடும்பத்தில் இன்னும் சிலர். 'மென்ஷன் அபவுட்' வேண்டாம், 'மென்ஷன்' போதும். 'எம்ஃபசைஸ் ஆன்' வேண்டாம், 'எம்ஃபசைஸ்' போதும். 'அவெய்ட் ஃபார்' வேண்டாம்; 'வெயிட்' என்பதற்குத்தான் 'ஃபார்' தேவை. 'எண்டர்டு இன்டு தி ரூம்' வேண்டாம், 'எண்டர்டு தி ரூம்' போதும்.

ஆனால், ஒரு எச்சரிக்கை. பெயர்ச்சொல்லாக மாறினால் விதியும் மாறும். 'எ டிஸ்கஷன் அபவுட் தி ப்ராப்ளம்' சரி. ஒப்பந்தம் செய்துகொள்வதைச் சொல்லும்போது 'எண்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்பதும் சரி. அங்கே 'இன்டு' உபரி அல்ல.

ஒரே வாக்கியத்தில் இரண்டு கட்சி

உபரிச் சொல்லால் வாக்கியம் குண்டாகும், அவ்வளவுதான். முரண் சொல்லால் வாக்கியம் திசையே மாறிவிடும்.

முதல் ஆபத்து 'அன்டில்'. 'வெயிட் அன்டில் ஐ டோன்ட் கம்' என்று பலர் எழுதுகிறார்கள். 'நான் வராத வரைக்கும் காத்திரு' என்ற நினைப்பு அது. ஆங்கிலத்தில் 'வெயிட் அன்டில் ஐ கம்' என்றால்தான் 'நான் வரும் வரை காத்திரு'. இதையே மருந்தில் வைத்துப் பாருங்கள். 'டோன்ட் ஸ்டாப் தி டேப்லெட் அன்டில் தி டாக்டர் டஸ் நாட் டெல் யூ' என்று ஒருவர் எழுதி வைத்தால், படிப்பவர் மருத்துவர் சொல்லும்வரை சாப்பிட வேண்டுமா, சொல்லாவிட்டால் நிறுத்த வேண்டுமா என்று குழம்புவார். அந்த ஒரு 'நாட்'டை எடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி', 'பேர்லி'. மூன்றுமே பாதி மறுப்புச் சொற்கள். 'ஐ ஹார்ட்லி ஹேவ் டைம்' என்றால் 'எனக்கு நேரமே இல்லை என்கிற நிலை'. 'ஐ ஹார்ட்லி ஹேவ் நோ டைம்' என்றால் மறுப்பின் மேல் மறுப்பு ஏறி, சொல்ல வந்தது கவிழ்ந்துவிடும்.

பழைய ஆங்கிலத்தில் இப்படி இல்லை. 14-ம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் காலத்தில், ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று மறுப்புகள் வந்தால் மறுப்பு அழுத்தம் பெறும் என்றுதான் பொருள். பின்னாளில் ராபர்ட் லௌத் வெளியிட்ட இலக்கண நூல், ஆங்கிலத்தில் இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்று எழுதியது. பள்ளிகளில் இன்று சொல்லித்தருவதும் அதுதான். தமிழர்களுக்கு இது புதிதல்ல. 'அவனிடம் திறமை இல்லாமல் இல்லை' என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மூன்றாவது 'ஒரிஜினல் காப்பி'. ஒரிஜினல் என்றால் மூலம். காப்பி என்றால் நகல். 'பிரிங் தி ஒரிஜினல் காப்பி' என்று ஓர் அறிவிப்பு சொன்னால், மாணவர் மதிப்பெண் சான்றிதழைக் கொண்டு போவதா, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவதா? வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. மூலம் வேண்டும் என்றால் 'தி ஒரிஜினல் சர்டிஃபிகேட்'. நகல் வேண்டும் என்றால் 'எ போட்டோகாப்பி'. சான்றொப்பமிட்ட நகல் வேண்டும் என்றால் 'அன் அட்டஸ்டட் காப்பி'. இப்படித் தனித்தனியாக எழுதிவிட்டால் யாரும் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை.

நான்காவது, 'ஆல்தோ'வும் 'பட்'டும். 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட்' என்பதில் இரண்டு இணைப்புச் சொற்களும் ஒரே வேலையைச் செய்கின்றன. 'மழை பெய்தாலும் போனோம்' என்று தமிழில் ஓர் 'ஆலும்' போதுமானதாக இருக்கிறதல்லவா? ஆங்கிலத்திலும் ஒன்று போதும். 'பிகாஸ்' போட்டால் 'ஸோ' வேண்டாம் என்பதும் இதே கணக்கு.

கடைசியாக, உறுதியும் சந்தேகமும். 'அப்ராக்ஸிமேட்லி 253 பீப்பிள்' என்று எழுதுபவர், தலையை எண்ணிவிட்டாரா, குத்துமதிப்பா என்று தெரியாது. 253 என்றால் 'சரியாக'. 250 என்றால் 'சுமாராக'. 'ஐ வில் டெஃபினிட்லி கம், மேபி ஆன் மண்டே' என்பதில் வருவது உறுதியா, நாள்தான் உறுதியில்லையா? 'ஐ வில் கம், ப்ராபப்லி ஆன் மண்டே' என்றால் தெளிவு.

'கசின் பிரதர்' உண்மையில் தவறா?

இதில் நம் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கசின்' என்ற ஒரே சொல் ஆண், பெண், அப்பா வழி, அம்மா வழி எல்லாவற்றுக்கும் பொருந்தும். தமிழ்க் குடும்பத்தில் பெரியப்பா மகன் அண்ணன்; மாமா மகன் அத்தான் அல்லது மச்சான். இருவரையும் ஒரே சொல்லில் அடைக்க மனசு ஒப்பாது. அந்தப் போதாமையை நிரப்பத்தான் 'கசின் பிரதர்' பிறந்தது.

நம் ஊருக்குள் பேசிக்கொள்ள அது பயன்படும். ஆனால், வெளிநாட்டவருக்கு அது முரணாகக் கேட்கும். அவர்களுக்குக் கசின் வேறு, பிரதர் வேறு. கடிதத்திலும் படிவத்திலும் 'கசின்' போதும். ஆணா, பெண்ணா என்பது அடுத்து வரும் 'ஹி' அல்லது 'ஷி'யில் தெரிந்துவிடும். உடன்பிறந்தவர்கள் விவரம் கேட்கும் கட்டத்தில் பெரியப்பா மகனின் பெயரை எழுதிவிடாமல் இருப்பது முக்கியம்.

எங்கே இரட்டிப்பு தப்பில்லை?

'வில் அண்ட் டெஸ்டமென்ட்', 'கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்', 'பிரேக்கிங் அண்ட் என்டரிங்' என்று சட்ட ஆவணங்கள் ஜோடி ஜோடியாகப் பேசும். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அங்கே ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் மூன்றும் சட்ட வேலைகளில் புழங்கின. ஆங்கிலச் சொல் ஒன்றும், அதே பொருளுள்ள பிரெஞ்சு அல்லது லத்தீன் வழிச் சொல் ஒன்றும் அருகருகே நின்று பழகிவிட்டன. வழக்கறிஞர் எழுதிய ஆவணத்தில் இவற்றை வெட்ட வேண்டாம்.

ஆனால், நாமாக ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதும்போது அழகுக்காக ஜோடி சேர்க்கவும் வேண்டாம். ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் நீதிமன்றங்கள் பொதுவாக அதைப் படிக்கத் தொடங்கும். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் போட்டால், 'இரண்டும் வேறு வேறு' என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுத்தது போலாகும்.

அழுத்தத்துக்காகச் சொல்லும் 'ஈச் அண்ட் எவ்ரி', 'ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்' போன்றவை மேடைக்குப் பொருந்தும். நன்னூலும் இதற்கு இடம் கொடுக்கிறது. 'மீமிசை', 'நடுமையம்' போல ஒரே பொருளுள்ள சொற்கள் சிறப்புக் கருதிச் சேர்ந்து வந்தால், அது குற்றமல்ல, ஒருபொருட் பன்மொழி. அறிந்து செய்தால் அழுத்தம். அறியாமல் செய்தால் கூறியது கூறல்.

பேத்தியின் முதல் விண்ணப்பம்

மறுபடி அந்த வீட்டுக்குப் போவோம். பி.காம் முடித்த மூத்த பேத்தி, முதல் வேலைக்கு எழுதிய மின்னஞ்சலைத் தாத்தாவிடம் நீட்டுகிறாள்.

'ஐ ஆம் ஃபார்வர்டிங் ஹியர்வித் தி என்க்ளோஸ்டு அட்டாச்மென்ட் ஆஃப் மை ரெஸ்யூமே. ஐ ஹேவ் 2 இயர்ஸ் ஆஃப் பாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ். ஆல்தோ ஐ ஆம் எ ஃப்ரெஷர், பட் ஐ லேர்ன் ஃபாஸ்ட். கைண்ட்லி ரிவர்ட் பேக்.'

தாத்தா பேனாவை எடுக்கிறார். 'ஹியர்வித்', 'என்க்ளோஸ்டு', 'அட்டாச்மென்ட்' மூன்றும் ஒரே வேலை. 'பாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதில் 'பாஸ்ட்' உபரி. அனுபவம் என்றாலே நடந்து முடிந்ததுதான். 'ஆல்தோ', 'பட்' இரண்டில் ஒன்று போதும். 'ரிவர்ட் பேக்' பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும் சுழித்துவிட்டு ஓர் இடத்தில் பேனா நிற்கிறது.

"ரெண்டு வருஷ அனுபவம்ங்கிற. அடுத்த வரியிலயே ஃப்ரெஷர்ங்கிற. எது நிஜம் கண்ணு?"

"ரெண்டும் நிஜம்தான் தாத்தா. காலேஜ் விட்டு வந்து சாயந்தரம் ஜவுளிக்கடையில கணக்கு எழுதினேன்ல. அதைப் போய் எழுதினா கேவலமா நினைப்பாங்களோன்னு..."

"அதை மறைக்கத்தான் இத்தனை வார்த்தையா?"

பேத்தி பதில் சொல்லவில்லை. ஆனால், பத்து நிமிடத்தில் மின்னஞ்சல் மாறியது.

'ஐ ஹேவ் அட்டாச்டு மை ரெஸ்யூமே. வைல் இன் காலேஜ், ஐ கெப்ட் அக்கவுன்ட்ஸ் ஃபார் எ டெக்ஸ்டைல் ஷாப் ஃபார் 2 இயர்ஸ். ஐ ஆம் நவ் லுக்கிங் ஃபார் மை ஃபர்ஸ்ட் ஃபுல்-டைம் ஜாப். ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை.'

முரண் போய்விட்டது. வேலை கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் முன்னால் வந்துவிட்டது. சொல்லத் தயங்கும் இடத்தில்தான் பல நேரம் உபரிச் சொற்கள் கூட்டம் சேர்கின்றன. உண்மையை நேராகச் சொல்ல முடிவெடுத்தால், அவை தானாகக் கலைந்துவிடும்.

அனுப்பும் முன் நான்கு கேள்விகள்

1. இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பொருள் மாறுகிறதா? மாறாவிட்டால் எடுத்துவிடலாம்.

2. 'அன்லெஸ்', 'அன்டில்', 'ஹார்ட்லி' பக்கத்தில் 'நாட்' அல்லது 'நோ' இருக்கிறதா? இருந்தால் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கவும்.

3. 'ரீ' உள்ள சொல்லுக்குப் பின்னால் 'பேக்' அல்லது 'அகெய்ன்' ஒட்டியிருக்கிறதா?

4. இந்த வாக்கியத்தில் உள்ள இரண்டு தகவல்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?

இந்த வார வீட்டுப்பாடம்

கீழே உள்ள வாக்கியத்தில் குறைந்தது மூன்று இடங்களில் திருத்தம் தேவை. வீட்டில் எல்லாரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள்.

'கைண்ட்லி சப்மிட் தி ஒரிஜினல் காப்பி பிஃபோர் 10 ஏ.எம் இன் தி மார்னிங், அண்ட் டோன்ட் லீவ் அன்டில் வி டோன்ட் ரிட்டர்ன் இட் பேக்.'

அடுத்த வாரம், 'சாங்ஷன்' என்ற ஒரே சொல் வங்கியில் அனுமதியாகவும், நாடுகளுக்கிடையே தடையாகவும் எப்படி ஆனது என்று பார்ப்போம்!